முடிச்சுப் போடாமல் ஷூ லேஸைப் பிடித்து நிறுத்தும் ஸ்டாப்பர்

திருப்பூரில் துணித் தொழில் செய்கிற வீடுகளில் மேசை இழுப்பறையைத் திறந்தால் பட்டன், ஜிப் ரன்னர், பழைய லேபிள் இவற்றுக்கு நடுவே சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சாமான் கிடக்கும். குழாய் வடிவ உடல், பக்கவாட்டில் ஓட்டை, மேலே ஒரு குமிழ். குமிழை அமுக்கினால் உள்ளே போகும். விட்டால் துள்ளி வெளியே வரும். ஜெர்கின் தொப்பியிலும் மழைக்கோட்டின் இடுப்பிலும் பையின் வாயிலும் கயிற்றைப் பிடித்து நிறுத்துவது இதுதான். கம்பெனிகளில் ஸ்டாப்பர் என்பார்கள். ஷூவுக்கென்று செய்ததை லேஸ் லாக் என்று விற்கிறார்கள். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: கயிற்றை முடிச்சுப் போடாமல் வேண்டிய இடத்தில் இறுக்கி நிறுத்துவது, வேண்டும்போது ஒரே அமுக்கில் விடுவிப்பது.

காலையில் கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நடப்பவர்களின் கால்களைக் கொஞ்சம் கவனியுங்கள். வயதானவர்களில் பலர் ரப்பர் செருப்போடுதான் நடக்கிறார்கள். டாக்டர் ஷூ போட்டு நடக்கச் சொல்லியிருப்பார். பிள்ளைகளும் நல்ல ஷூவாக வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் மூட்டு வலி, கை நடுக்கம், கண் மங்கல், குனிய விடாத வயிறு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், லேஸ் கட்டுவது பெரிய வேலையாகிவிடும். "கொஞ்சம் கட்டி விடு கண்ணு" என்று தினமும் பேரனைக் கூப்பிட அப்புச்சிக்கு மனசு வராது. ஷூ அலமாரியிலேயே தங்கிவிடும். இந்தத் தடையை எடுத்துவிடக்கூடிய பொருள் நம் பக்கத்தில் மூட்டை மூட்டையாகப் புழங்குகிறது. அதை ஜெர்கினுக்கு மட்டும் உரியது என்று நினைத்து விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், எந்த லேஸுக்கு எது பொருந்தும் என்று கடையில் நின்றபடியே நீங்கள் முடிவு செய்துவிடலாம்.

முடிச்சு ஏன் தானாக அவிழ்கிறது?

ஸ்டாப்பரைப் புரிந்துகொள்ள முதலில் முடிச்சைப் பார்க்க வேண்டும். நன்றாக இறுக்கிக் கட்டிய லேஸ், யாரும் இழுக்காமலே எப்படி அவிழ்கிறது? இதை அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த மூன்று பொறியியல் ஆய்வாளர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். ஆலிவர் ஓ'ரைலி, கிறிஸ்டின் கிரெக், கிறிஸ்டோபர் டெய்லி-டயமண்ட் என்பது அவர்கள் பெயர். ஓடும் பட்டைமேல் கிரெக் ஓட, ஷூவின் முடிச்சை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது.

அவர்கள் கண்டது இதுதான். ஓடும்போது கால் தரையில் மோதுகிற அதிர்ச்சி புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 7 மடங்கு. ஒவ்வொரு மோதலிலும் முடிச்சு கொஞ்சம் நசுங்கி, நடுப்பகுதி தளர்கிறது. அதே சமயம் கால் முன்னும் பின்னும் வீசுவதால் லேஸின் தொங்கும் நுனிகள் சாட்டையடிப்பதைப் போல வெளிப்பக்கம் இழுக்கின்றன. தளர்வும் இழுப்பும் ஒன்றுசேரும்போது நுனி கொஞ்சம் நழுவும். நழுவியதும் அந்த நுனி நீளமாகிறது. நீளமானதும் இன்னும் பலமாக இழுக்கிறது. இப்படி ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு போய், வெகுநேரம் அசையாமல் இருந்த முடிச்சு கடைசியில் சில விநாடிகளில் அவிழ்ந்துவிடுகிறது. உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அவிழாது, நின்ற இடத்திலேயே தரையை மிதித்தாலும் அவிழாது. இரண்டும் சேர வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் நியாயமாக இருக்காது. உங்கள் லேஸ் அடிக்கடி அவிழ்கிறது என்றால், ஸ்டாப்பர் வாங்கும் முன் கட்டிய முடிச்சைப் பாருங்கள். முடிச்சின் இரண்டு காதுகளும், அதாவது வளையங்களும், ஷூவுக்குக் குறுக்காக, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் சரியான முடிச்சு. காதுகள் திரும்பிக்கொண்டு விரல்பக்கமும் கணுக்கால்பக்கமும் பார்த்தால் அது பலவீனமான முடிச்சு. முதலில் போடும் ஒற்றைச் சுற்றை மட்டும் எதிர்ப்பக்கமாகப் போட்டால் அது சரியாகிவிடும். காசு செலவில்லாத வைத்தியம். விரல்களுக்குத் தெம்பு இருக்கிறவர்களுக்கு இதுவே போதும்.

கயிறு எப்படி நிற்கிறது?

கயிற்றை எதில் கட்டினாலும் அதைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு. உராய்வு கிடைக்க இரண்டு வழி: ஒன்று நசுக்குவது, இன்னொன்று வளைப்பது. நசுக்குவது எல்லோருக்கும் புரியும். வளைப்பதன் பலம்தான் நம்பவே முடியாத அளவுக்குப் பெரியது.

காங்கேயம் காளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள்? காளை திமிறினால் வெறுங்கையால் பிடித்து இழுக்க மாட்டார்கள். கயிற்றைப் பக்கத்து வேப்பமரத்திலோ கல்தூணிலோ இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் சின்னப் பையன்கூடப் பிடித்துக்கொள்ளலாம். இதற்குக் கணக்கு இருக்கிறது. கயிற்றுக்கும் தூணுக்கும் இடையே உராய்வுக் கெழு (எவ்வளவு உரசிப் பிடிக்கிறது என்பதைச் சொல்லும் எண்) 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்குக் கையின் பலம் ஏறத்தாழ ஆறரை மடங்காகிறது. இரண்டு சுற்றுக்கு 13 மடங்கு என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை, ஆறரையை ஆறரையால் பெருக்க வேண்டும்: 43 மடங்கு. 100 கிலோ இழுப்பை இரண்டேகால் கிலோ பிடிப்பு நிறுத்திவிடும். மூன்றாவது சுற்றுப் போட்டால் 280-ஐத் தாண்டிவிடும். முடிச்சு என்பது இப்படிக் கயிறு தன்மேல் தானே வளைந்து, தன்னையே நசுக்கிக்கொள்ளும் ஏற்பாடுதான்.

ஸ்டாப்பரும் அதே இரண்டையும் செய்கிறது, ஆனால் அரை அங்குல இடத்துக்குள். உடலில் ஒரு ஓட்டை குறுக்காகப் போகிறது. உள்ளே இருக்கும் குமிழ்த் தண்டிலும் ஒரு ஓட்டை. குமிழை அமுக்கினால் இரண்டு ஓட்டைகளும் நேருக்கு நேர் வருகின்றன, கயிறு தாராளமாக ஓடுகிறது. விட்டதும் அடியில் இருக்கும் ஸ்பிரிங் தண்டை மேலே தள்ளுகிறது; ஓட்டைகள் விலகுகின்றன. நடுவில் மாட்டிய கயிறு ஒரு விளிம்பில் மேலேயும் அடுத்த விளிம்பில் கீழேயும் வளைந்து நசுங்கி நிற்கிறது. நசுக்குவது ஸ்பிரிங், வளைப்பது விளிம்பு. நல்ல ஸ்டாப்பரில் இந்த விளிம்புகள் கயிறு வழுக்காத அளவுக்குக் கூர்மையாகவும், நூலை அறுக்காத அளவுக்கு மழுங்கலாகவும் இருக்கும். விரல் நுனியை ஓட்டையின் ஓரத்தில் வைத்துத் தடவினால் தெரிந்துவிடும். பிசிறு குத்தினால் வாங்காதீர்கள், ஒரே மாதத்தில் லேஸ் நைந்துவிடும்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். கயிறு மெல்லியதாக இருந்தால் என்ன ஆகும்? தண்டு மேலே போய்த் தன் எல்லையில் முட்டி நின்றுவிடும். அதற்குப் பிறகும் ஓட்டையில் இடைவெளி மிச்சமிருக்கும், அதில் கயிறு சும்மா ஓடும். ஸ்பிரிங் எவ்வளவு பலமாக இருந்தாலும் பயனில்லை. "ஸ்டாப்பர் பிடிக்க மாட்டேன் என்கிறது" என்று தூக்கிப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். குறை ஸ்டாப்பரில் இல்லை, பொருத்தத்தில்.

ஜெர்கின் ஸ்டாப்பரும் ஷூ லாக்கும்

ஜெர்கினில் வரும் ஸ்டாப்பர் ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் வழுக்கும். அது பிடிப்பது ஸ்பிரிங் பலத்தால் மட்டும். இழுப்பு கூடினால் அதன் பிடிப்பு கூடாது. ஜெர்கின் தொப்பிக்கு அது போதும். ஷூவில் நிலைமை வேறு. ஒவ்வொரு அடிக்கும் மேல்பாதம் விரிந்து லேஸை இழுக்கிறது. மெதுவாக நடப்பவர்களுக்கு நல்ல ஸ்டாப்பர் தாங்கும். ஓடுபவர்களுக்கும் மலை ஏறுபவர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே இருக்கும்.

அதற்காகத்தான் ஆப்பு முறையில் வேலை செய்யும் லாக்குகள் வந்தன. இதில் உடலின் உட்பக்கம் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருக்கும். நடுவே பல்லுள்ள சின்ன உருளையோ கட்டையோ நகரும். லேஸை மேலே இழுத்தால் அந்தக் கட்டை அகலமான பக்கம் போய் வழிவிடுகிறது. விட்டதும் கால் லேஸைக் கீழே இழுக்க, லேஸோடு கட்டையும் குறுகலான பக்கம் போய்ச் செருகிக்கொள்கிறது. இழுப்பு கூடக் கூடச் செருகலும் கூடுகிறது. ஸ்பிரிங் இங்கே தொடக்கத் தொடுதலுக்கு மட்டும்தான். பிடிப்பைத் தருவது உங்கள் காலே. அவிழ்க்கக் கட்டையைப் பின்னால் தள்ள வேண்டும். பிரான்ஸின் சாலமோன் நிறுவனத்தின் மலையோட்ட ஷூக்களில் கெவ்லர் என்ற மிக உறுதியான இழையாலான மெல்லிய லேஸோடு வரும் லாக் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. என்னைக் கேட்டால், தினமும் நடைப்பயிற்சிக்குப் போகிற ஒருவருக்குப் புதிதாக வாங்குவதாக இருந்தால் ஆப்பு முறை லாக்கைத்தான் சொல்வேன். வீட்டில் கிடக்கும் ஜெர்கின் ஸ்டாப்பர், இது நமக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க நல்லது.

மூன்றாவது வகை திருகு. ஷூவின் நாக்கிலோ பக்கத்திலோ ஒரு வட்டக் குமிழ் இருக்கும், லேஸுக்குப் பதில் மெல்லிய கம்பி. குமிழைத் திருகினால் உள்ளே இருக்கும் உருளையில் கம்பி சுற்றிக்கொள்கிறது. பற்கள் ஒரு பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருப்பதால் முன்னால் மட்டும் நகரும், பின்னால் வராது. குமிழை வெளியே இழுத்தால் பற்கள் விலகி மொத்தமும் தளர்ந்துவிடும். பூமா நிறுவனம் 1991-இலேயே இப்படி ஒரு ஷூவை டிஸ்க் என்ற பெயரில் விற்றது. 2001-இல் அமெரிக்காவின் கொலராடோவில் கேரி ஹேமர்ஸ்லாக் தொடங்கிய போவா நிறுவனம் இதைப் பனிச்சறுக்கு ஷூக்களில் கொண்டுவந்து, பிறகு சைக்கிள் ஷூ, வேலைத்தள ஷூ என்று பரப்பியது. இறுக்கத்தை ஒவ்வொரு பல்லாகக் கூட்டலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் ஷூவோடு சேர்த்தே வருவது, பழைய ஷூவில் மாட்ட முடியாது, விலையும் அதிகம். தானே இறுக்கிக்கொள்ளும் மோட்டார் ஷூவை நைக் 2016-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நமக்கு அவ்வளவு தேவையில்லை.

பிறகு எலாஸ்டிக் லேஸ். ரப்பர் இழைகளை நடுவில் வைத்துச் சுற்றிலும் பாலியெஸ்டர் நூலைப் பின்னியது. ஒருமுறை காலுக்கு ஏற்ற அளவில் லாக் வைத்து நிறுத்திவிட்டால், அதன்பின் லாக்கைத் தொடவே வேண்டாம். காலை நுழைத்தால் லேஸ் நீண்டு வழிவிடும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிகளில் சைக்கிளிலிருந்து இறங்கி ஷூ மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். அங்கே விநாடி மிச்சப்படுத்த இதைத்தான் மாட்டுகிறார்கள். குனியவே முடியாதவர்களுக்கும், ஒரு கை மட்டுமே வேலை செய்பவர்களுக்கும் இதைவிட நல்லது இல்லை. நீளமான ஷூ கொம்பு ஒன்றும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். ஆனால் டாப்ஸ்லிப், ஏற்காடு பக்கம் சரிவில் இறங்குபவர்களுக்கு எலாஸ்டிக் வேண்டாம். இறக்கத்தில் பாதம் முன்னால் சரியும்போது லேஸ் நீண்டு கொடுத்துவிடும். விரல் நகங்கள் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வரும்.

அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டையைப் பற்றி யாராவது கேட்பார்கள். சுவிட்சர்லாந்துக்காரரான ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட முள்காய்களைப் பார்த்து யோசித்தது. 1955-இல் காப்புரிமை பெற்றார். எளிது, மலிவு. ஆனால் பஞ்சு பறக்கிற மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்பவர்களுக்கு அதன் கொக்கிகளில் நூல் பிசிறு அடைத்து, சில மாதங்களில் ஒட்டுவது குறைந்துவிடும். ஊசியால் கிளறிச் சுத்தம் செய்யும் பொறுமை இருந்தால் சரி.

எந்த லேஸுக்கு எது?

ஸ்டாப்பருக்கு உருண்டை லேஸ்தான் ஏற்றது. பட்டை லேஸ் ஓட்டைக்குள் மடிந்து, ஒரு நாள் நன்றாகப் பிடிக்கும், மறுநாள் வழுக்கும். லேஸின் கனம் ஓட்டையைக் கிட்டத்தட்ட நிரப்ப வேண்டும். அமுக்கியபோது உரசாமல் ஓட வேண்டும், அவ்வளவு இடைவெளி போதும். இரண்டு ஓட்டை உள்ள ஸ்டாப்பரை வாங்குங்கள். லேஸின் இரண்டு நுனிகளும் தனித்தனி வழியில் போனால் இரண்டிலும் ஒரே பிடிப்பு இருக்கும். ஒற்றை ஓட்டையில் இரண்டையும் திணித்தால் ஒன்று மற்றொன்றின்மேல் வழுக்கும்.

பருத்தி லேஸ் சொரசொரப்பாக இருப்பதால் பிடி நன்றாகக் கிடைக்கும், ஆனால் ஷூவின் கண்களில், அதாவது லேஸ் கோக்கும் ஓட்டைகளில், போகும்போதும் அதே சொரசொரப்பு இருக்கிறதே. இங்கேதான் வளைவுக் கணக்கு நமக்கு எதிராக வேலை செய்கிறது. லேஸ் ஒவ்வொரு கண்ணிலும் கால் சுற்று வளைகிறது, உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொண்டால், ஒரு கண்ணைத் தாண்டும்போதே இழுப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். ஆறு கண் தாண்டுவதற்குள் மேலே இழுத்ததில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மேலே கணுக்கால் பக்கம் இறுகி, கீழே விரல்கள் பக்கம் தளர்ந்து கிடப்பது இதனால்தான். முடிச்சுப் போடுகிறவர்கள் கீழிருந்து ஒவ்வொரு குறுக்கையும் இழுத்துவிட்டு வருவார்கள். ஸ்டாப்பர் வைத்திருப்பவர் மேலே ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும் என்பதால் வழவழப்பான பாலியெஸ்டர் உருண்டை லேஸ் நல்லது. வழவழப்பு கண்களில் உதவுகிறது, ஸ்டாப்பரில் இடைஞ்சல் செய்கிறது. அந்த இடைஞ்சலை ஈடுகட்டுவதற்குத்தான் ஆப்பும் பல்லும்.

இதிலிருந்தே இன்னொரு குறையும் தெரியும். வழவழப்பான லேஸை மேலே ஒரே இழுப்பில் இறுக்கும்போது, இடத்துக்கு இடம் இறுக்கத்தை நம் விருப்பப்படி மாற்ற முடியாது. பாதத்தின் முன்பகுதி அகலமாகவும் குதிகால் ஒல்லியாகவும் உள்ளவர்களுக்கு மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு தேவைப்படும். அவர்களுக்கு முடிச்சுதான் இன்னும் நல்லது. அல்லது லேஸ் கோக்கும்போதே கீழே ஒரு கண்ணை விட்டுவிட்டுக் கோத்துப் பார்க்கலாம்.

ஸ்டாப்பரின் பிளாஸ்டிக்கையும் பாருங்கள். நல்ல ரகங்கள் அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கில் வருகின்றன. டியூபான்ட் நிறுவனம் டெல்ரின் என்ற பெயரில் 1960 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள். கியர் சக்கரம் செய்கிற அளவுக்கு உறுதியானது, தண்ணீரை உறிஞ்சாமல் அளவு மாறாமல் இருக்கும். நைலானும் உறுதிதான், ஆனால் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சி உப்பும். வால்பாறை மாதிரி மாதக்கணக்கில் மழை பெய்கிற இடத்தில் தண்டு உள்ளே இறுகிப்போக அது ஒரு காரணம். ஸ்பிரிங் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். காந்தத்தை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்பிரிங்காக இழுத்த எவர்சில்வர் கம்பியும் லேசாக ஒட்டும்.

மாட்டுவது எப்படி?

ஷூவைப் போட்டுக்கொண்டு, வழக்கமான மாதிரி லேஸைக் கடைசிக் கண்வரை கோத்து, இரண்டு நுனிகளையும் ஸ்டாப்பரின் இரண்டு ஓட்டைகளிலும் அடியிலிருந்து மேலே விடுங்கள். நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் முனை நுழையாவிட்டால், லேஸ் பாலியெஸ்டராக இருந்தால் மட்டும், முனையை வெட்டிவிட்டு நெருப்புக் காட்டி இளக்கிக் கூராக உருட்டிக்கொள்ளலாம். உருகிய நுனி விரலில் ஒட்டிச் சுடும், இடுக்கியால் உருட்டுங்கள். பருத்தி உருகாது, எரியும். அதற்கு நுனியில் டேப் சுற்றுங்கள். பிறகு ஸ்டாப்பரை நாக்குவரை இறக்கி, நின்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது அளவு எடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள், நிற்கும்போது பாதம் விரியும்.

லேஸின் நுனியை வெட்ட அவசரப்பட வேண்டாம். ஷூவை முழுக்கத் தளர்த்திக் காலை வெளியே எடுக்கும் அளவுக்கு நீளம் மிச்சமிருக்க வேண்டும். அந்த நீளத்தைக் கண்டுபிடித்த பிறகு, இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் ஸ்டாப்பர் உருவிக்கொண்டு போகாது. (லேஸ் லாக்குடன் இதற்கென ஒரு சின்ன மூடி கொடுப்பார்கள்.) தொங்கும் பகுதியைக் கோத்த லேஸின் குறுக்குகளுக்கு அடியில் செருகுங்கள். இது அலங்காரத்துக்காக அல்ல. மொபெட்டின் செயினும் சைக்கிள் பல்சக்கரமும் தொங்குகிற எதையும் இழுத்துக்கொள்ளும், தறியும் நூற்பு இயந்திரமும் அப்படியே.

முதல் நாள் வீட்டு வாசலிலேயே பத்து நிமிடம் நடந்து, கொஞ்சம் தரையை அழுத்தி மிதித்துப் பாருங்கள். ஸ்டாப்பர் நின்ற இடத்தில் லேஸின்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால் நழுவியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கோடு நகரவில்லையென்றால் உங்கள் நடைக்கு அது போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதில் தனியாக ஒரு வார்த்தை. கால் மரத்துப் போனவர்களுக்கு இறுக்கம் தெரியாது. ஸ்டாப்பரில் இழுப்பது சுலபம் என்பதால் அளவுக்கு மீறி இறுக்கிவிடவும் வாய்ப்பு உண்டு. லேஸுக்கும் நாக்குக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சாயங்காலம் கால் வீங்குகிறவர்கள் குமிழை அமுக்கிக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். முடிச்சாக இருந்தால் அவிழ்த்துக் கட்ட அலுப்புப்பட்டு அப்படியே விட்டிருப்பார்கள். ஷூவைக் கழற்றியதும் பாதத்தில் சிவந்த தடம் இருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் பார்த்துவிடுவது நல்லது.

எங்கே கூடாது?

கோவையின் வார்ப்பட ஆலைகளில் உருக்கிய இரும்புக்கு அருகில் வேலை செய்பவர்களுக்கு லேஸ் லாக் வேண்டாம். அங்கே லேஸே இல்லாமல், சட்டென்று உதறிக் கழற்றக்கூடிய பூட்ஸ்தான் பாதுகாப்பு. லேஸ் கோத்த இடைவெளியில் தெறிக்கும் உலோகம் மாட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் உருகி ஒட்டும். வெல்டிங் செய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இன்னொன்று குழந்தைகளின் உடுப்பு. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஆனால் உள்ளூரில் துணி வாங்கும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன். சறுக்கு மரத்தின் இடுக்கில் தொப்பிக் கயிறு மாட்டிக் கழுத்து இறுகியும், பள்ளிப் பேருந்தின் கதவில் இடுப்புக் கயிறு சிக்கிக் குழந்தை இழுத்துச் செல்லப்பட்டும் அமெரிக்காவில் உயிர்கள் போயின. அங்குள்ள நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2011-இல் அதை விதியாக்கியது. அதன்படி 2 முதல் 12 வரையிலான அளவுகளில் குழந்தைகளின் மேலங்கிகளுக்குக் கழுத்திலும் தொப்பியிலும் இழுகயிறே இருக்கக் கூடாது. 16 அளவு வரை, இடுப்பிலோ கீழ் ஓரத்திலோ கயிறு இருந்தால், அங்கியை முழுக்க விரித்து வைத்தபோது வெளியே நீளும் பகுதி 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நுனியில் ஸ்டாப்பரோ முடிச்சோ எதுவும் இருக்கக் கூடாது. ஒரே கயிறாக ஓடினால் நடுவில் தையல் போட்டு உருவ முடியாதபடி செய்திருக்க வேண்டும். நுனியில் தொங்கும் ஸ்டாப்பர்தான் இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்கிறது என்பது காரணம். ஐரோப்பாவுக்கும் இதற்கெனத் தனித் தரநிலை உண்டு. உங்கள் பிள்ளையின் ஜெர்கின் தொப்பியில் கயிறும் ஸ்டாப்பரும் தொங்கினால் உருவி எடுத்துவிடுங்கள். தொப்பி அது இல்லாமலும் நிற்கும். எடுத்த ஸ்டாப்பரை, கயிற்றின் கனம் ஒத்துவந்தால், தாத்தாவின் ஷூவுக்கு வைத்துப் பார்க்கலாம்.

பிள்ளைகளின் ஷூவில் லாக் வைப்பதைப் பொறுத்தவரை, முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளும் வயதில் இருக்கும் குழந்தைக்கு முதலில் முடிச்சைச் சொல்லிக்கொடுங்கள். விரல்களுக்கு அது நல்ல பயிற்சி. விரல் ஒத்துழைக்காத குழந்தைகளும் இருக்கிறார்கள், காலை எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் வாசலில் நிற்கும்போது அழுகையோடு லேஸைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு லாக் தானே ஷூ போட்டுக்கொள்ளும் சுதந்திரத்தைத் தரும். தொங்கும் நுனி மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மண்ணும் மணலும்தான் எதிரி. செம்மண் காட்டில் நடந்துவிட்டு வந்தால் குழாயடியில் காட்டிக் குமிழைப் பல தடவை அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். எண்ணெய் போடாதீர்கள், எண்ணெய் லேஸில் இறங்கினால் பிடிப்பு போய்விடும். குமிழ் துள்ளி வரத் தாமதித்தால் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும் அல்லது சோர்ந்திருக்கும், ஸ்டாப்பரை மாற்றுங்கள். குமிழ் நன்றாகத் துள்ளியும் லேஸ் வழுக்கினால், வழக்கமாக ஸ்டாப்பர் நிற்கும் அந்த ஒரு இடத்தில் லேஸ் நசுங்கி மெலிந்திருக்கும். கோர்வையைப் பிரித்து, லேஸின் ஒரு பக்கம் அரை அங்குலம் கூடுதலாக வரும்படி மறுபடி கோத்தால் நைந்த இடங்கள் விலகி, நல்ல பகுதி ஸ்டாப்பருக்குள் வந்துவிடும். அதற்கும் சரிவராவிட்டால் புது லேஸ் வாங்குங்கள். கடைக்குப் போகும்போது ஸ்டாப்பரைக் கையோடு எடுத்துப் போய், ஓட்டையில் நுழைத்துப் பார்த்தே வாங்குங்கள்.